95 பாம்பும் ஒரு பூட்டும்: 2010 கே.எல்.ஐ.ஏ. வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

2010 ஆகஸ்ட் 26. பினாங்கிலிருந்து வந்த பயணி ஒருவரின் பை, ஜகார்த்தா விமானத்துக்கு மாற்றப்படுவதற்காகக் கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் கன்வேயர் பெல்ட்டில் போய்க்கொண்டிருந்தது. நடுவழியில் பூட்டு விட்டுவிட்டது. பை வாயைப் பிளந்ததைக் கவனித்த மலேசியா ஏர்லைன்ஸ் ஊழியர்கள் விஷயத்தை மேலே சொன்னார்கள். திறந்து பார்த்தால் 95 போவா பாம்புகள். மூக்கின் மேல் கொம்புபோலச் செதில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆப்பிரிக்க விரியன்கள் இரண்டு. மட்டமாட்டா என்ற தென்னமெரிக்க ஆமை ஒன்று.

பையின் சொந்தக்காரர் ஆன்சன் வோங் கெங் லியாங். எங்கள் பினாங்குக்காரர். அமெரிக்க அரசு ஐந்து வருடம் மாறுவேடத்தில் பின்தொடர்ந்து, மூன்றாவது நாடு ஒன்றுக்கு வரவழைத்துப் பிடித்து, சிறையில் போட்டு அனுப்பிய அதே ஆள். முதல் தடவை அவரைப் பிடிக்க ஓர் உளவுப்படை தேவைப்பட்டது. இரண்டாம் தடவை ஒரு பூட்டு போதுமாக இருந்தது.

நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் சரக்கு அனுப்பும் ஃபார்வர்டிங் வேலையில் 20 வருடத்துக்கு மேல் காலம் தள்ளுகிறவன். ஃபேக்டரிகளின் சிப் பெட்டிகளை விமானத்தில் ஏற்றிவிடுவதுதான் பிழைப்பு. தினமும் பாம்புக் கோயிலைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போகிறேன். பாம்பு எங்களுக்குப் புதிதில்லை. இந்த வழக்கில் என்னை உட்காரவைத்து யோசிக்கவைத்தது பாம்பு இல்லை, அதற்குப் பின்னால் இருந்த காகிதக் கணக்குதான். எங்கள் தொழிலில் சரக்கைப் பார்த்து யாரும் சரக்கை அனுப்புவதில்லை. காகிதத்தைப் பார்த்துத்தான் அனுப்புகிறோம். விலங்கு வியாபாரமும் அப்படியே.

முதல் பிடி: மெக்சிகோ, 1998

கதையைப் பின்னாலிருந்து எடுக்க வேண்டும். 1992இலேயே அமெரிக்காவில் வோங் மீது குற்றப்பத்திரிகை இருந்தது. அதனால் அவர் அந்த நாட்டு மண்ணை மிதிப்பதில்லை. ஆனால் சரக்கு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவையின் அதிகாரிகள் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் விலங்கு இறக்குமதிக் கம்பெனி ஒன்றைப் பொய்யாகத் தொடங்கினார்கள். ஆபரேஷன் கமீலியன் என்று பெயர். பச்சோந்தி. வாடிக்கையாளர் வேடத்தில் அதிகாரி ஒருவர் வோங்கோடு பேசிப் பேசி, வாங்கி வாங்கி, நம்பிக்கையைச் சம்பாதித்தார். கடைசியில் புதிய வியாபாரம் ஒன்றைப் பேசலாம் என்று மெக்சிகோ நகரத்துக்குக் கூப்பிட்டார். 1998 செப்டம்பர் 14, விமான நிலையத்தில் இறங்கியதும் கைது.

அமெரிக்காவிடம் ஒப்படைக்கக் கூடாது என்று மெக்சிகோ சிறையிலிருந்தபடி ஏறக்குறைய இரண்டு வருடம் வழக்காடினார். 2000இல் ஒப்படைத்தார்கள். அந்த வருட டிசம்பரில் 40 குற்றங்களை ஒப்புக்கொண்டார். 2001 ஜூனில் 71 மாதச் சிறை, 60,000 டாலர் அபராதம். 1996க்கும் 1998க்கும் நடுவில் மட்டும் 300க்கும் மேற்பட்ட பாதுகாக்கப்பட்ட ஊர்வன அமெரிக்காவுக்குள் போயின என்பது அந்நாட்டு நீதித்துறையின் கணக்கு. பட்டியலில் இருந்தவை கொமோடோ உடும்பு, நியூசிலாந்தின் டுவாடாரா, சீன முதலை, மடகாஸ்கரின் அங்கோனோக்கா ஆமை. உயிரியல் பாடப் புத்தகத்தில் படம் போட்டு, ‘உலகில் சில நூறுதான் மிச்சம்’ என்று கீழே எழுதும் வகையறா.

எப்படிப் போயின என்பதைக் கவனியுங்கள். சில கூரியர் பொட்டலத்துக்குள். சில பயணியின் பையில். சில, முறையாக அறிவித்து அனுப்பிய விலங்குச் சரக்குக்கு அடியில், நல்லதோடு கெட்டதாக. மூன்றாவது வழி எனக்கு நன்றாகப் புரிகிறது. நூறு பெட்டி சரக்கில் தொண்ணூறு பெட்டிக்குச் சரியான படிவம் இருந்தால் அதிகாரி மேலே உள்ள இரண்டைத் திறந்து பார்த்து முத்திரை குத்திவிடுவார். விலங்குப் பெட்டி என்றால் திறக்கவே யோசிப்பார். கடிக்கும், ஓடிவிடும், செத்துப்போனால் நட்ட ஈடு கேட்பான்.

ஊர்வன கடத்தல்காரர்களுக்குப் பிடித்த சாமான் ஆனதற்கும் காரணம் உண்டு. கத்தாது. குளிர்ந்த இரத்தம், அதனால் மூச்சும் குறைவு, பசியும் குறைவு. துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டால் பல நாள் அப்படியே சுருண்டு கிடக்கும். ஒரு கிளியையோ குரங்குக் குட்டியையோ பையில் வைத்துக்கொண்டு செக்-இன் வரிசையில் நிற்க முடியுமா? பாம்போடு நிற்கலாம். 95 பாம்போடு நின்றிருக்கிறார்.

ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து

சைட்டிஸ் என்பதைப் பலரும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று நினைக்கிறார்கள். அது அழிந்துவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகம் பற்றிய ஒப்பந்தம். 1973 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் கையெழுத்தானது. 1975 ஜூலையில் அமலுக்கு வந்தது. மலேசியா 1977இல் சேர்ந்தது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. காட்டைக் காப்பது அதன் வேலை இல்லை. எல்லையைத் தாண்டும் விலங்குக்கும் செடிக்கும் என்ன காகிதம் வேண்டும் என்று சொல்வதுதான் அதன் வேலை.

மூன்று பட்டியல்கள். முதல் பட்டியலில் உள்ளதை வியாபாரத்துக்காக எல்லை தாண்டிக் கொண்டுபோகவே கூடாது: புலி, கொமோடோ உடும்பு, அங்கோனோக்கா. இரண்டாம் பட்டியலில் உள்ளதைப் பெர்மிட் வாங்கி விற்கலாம்: பெரும்பாலான போவாக்கள் இதில்தான். மூன்றாம் பட்டியல், ஏதாவது ஒரு நாடு ‘என் ஊர்ச் சரக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மற்ற நாடுகளிடம் உதவி கேட்பது.

பெர்மிட்டில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். விலங்கு எங்கிருந்து வந்தது என்பதற்கான ஒற்றை எழுத்து. ‘டபிள்யூ’ என்றால் காட்டில் பிடித்தது. ‘சி’ என்றால் பண்ணையில் பிறந்தது. ‘சி’ விழுந்துவிட்டால் பல கதவுகள் தானாகத் திறக்கும். இந்த ஓர் எழுத்தில்தான் உலக விலங்கு வியாபாரத்தின் பாதிப் பொய் குடியிருக்கிறது என்பேன். இந்தோனேசியாவிலிருந்து ‘பண்ணையில் பிறந்தது’ என்று ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளைப் பற்றி 2011இல் வந்த ஓர் ஆய்வு, அவற்றில் குறைந்தது 80 விழுக்காடு காட்டில் பிடித்தவை என்று காட்டியது. பெர்மிட் போலி இல்லை, முத்திரை அசல், எழுத்துதான் பொய். எங்கள் பாஷையில் சொன்னால், சரக்கின் வகையைச் சொல்லும் எச்.எஸ். கோடை மாற்றிப் போட்டு வரி ஏய்க்கிற வேலை மாதிரி. ஆனால் வரியைப் பிறகு வசூலித்துக்கொள்ளலாம். பிடித்த பாம்பைக் காட்டுக்குத் திருப்ப முடியாது.

மலேசியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது 1977 என்றாலும், அதற்கென்று தனிச் சட்டம் 2008இல்தான் வந்தது: அழிந்துவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகச் சட்டம், சட்டம் 686. அதுவரை கையில் இருந்த 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பெரும்பாலும் உள்ளூர்க் காட்டு விலங்குகளை மனத்தில் வைத்து எழுதியது. மடகாஸ்கர் ஆமையைப் பினாங்கில் வைத்து விற்பவனை அதைக் கொண்டு மடக்குவது கடினம். பினாங்கும் கோலாலம்பூரும் உலக ஊர்வன வியாபாரத்தின் சந்திப்பாக வளர்ந்த காலம் இந்த 30 வருட இடைவெளிதான். நல்ல விமான நிலையம், நிறைய நேரடி விமானங்கள், ஆங்கிலம் பேசும் வியாபாரிகள், ஓட்டைச் சட்டம். சிப் வியாபாரத்தை எது இங்கே கொண்டுவந்ததோ, அதில் முக்கால்வாசி இதையும் கொண்டுவந்தது.

ஏன் கார்கோவில் அனுப்பவில்லை?

வழக்கைப் படிக்கும்போது எனக்கு எழுந்த முதல் கேள்வி இது. கார்கோ உலகத்தைக் கரைத்துக் குடித்த மனிதர், ஏன் தானே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்?

என் அனுமானம் சாதாரணமானது. சரக்காக அனுப்பினால் சுங்கத்துக்கான கே2 படிவம், எயர்வே பில், பேக்கிங் லிஸ்ட், உயிருள்ள விலங்கு என்றால் உடல்நலச் சான்று, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் பெர்மிட். ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு பெயர், ஒரு கையெழுத்து, ஒரு நகல். பயணியின் பைக்கு ஒரு டேக் போதும். போவா இரண்டாம் பட்டியல்தான். முறையாகப் பெர்மிட் கேட்டிருந்தால் கிடைக்கவும் வாய்ப்பு இருந்தது. ஆனால் பெர்மிட் கேட்பதென்றால் ‘இது எங்கிருந்து உங்களிடம் வந்தது’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கடத்தலில் பாதி, இந்தக் கேள்வியைத் தவிர்க்கிற வேலைதான்.

எங்கள் கார்கோ கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். பாயான் பாருவில் தே தாரிக் குடிக்கப் போனால் மாலையில் அங்கே உட்கார்ந்திருப்பார். இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது பாம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“தம்பி, பெல்ட்டுல ஒரு நாளைக்கு எத்தனை பேக்கு உடையும் தெரியுமா? ஜிப்பு பிஞ்சது, பூட்டு தெறிச்சது, சக்கரம் கழண்டது. டேப்பைச் சுத்தி அனுப்பிடுவோம் லா. பிளைட்டுக்கு நேரமாச்சுன்னு சூப்பர்வைசர் கத்திக்கிட்டு இருப்பான். குனிஞ்சு உள்ள பார்க்கிறவன் எவன்?”

அன்றைக்குக் குனிந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். டேப்பைச் சுற்றி அனுப்பியிருந்தால் அந்தப் பை சாயங்காலம் ஜகார்த்தாவில். அந்த ஊழியர்களின் பெயரை நான் எந்தச் செய்தியிலும் பார்த்ததில்லை.

ஒரு பாம்புக்கு 2,000 வெள்ளி

கைதாகிப் பதினோராம் நாள், செப்டம்பர் 6, செப்பாங் செஷன்ஸ் நீதிமன்றம். பெர்மிட் இல்லாமல் 95 போவாக்களை ஏற்றுமதி செய்ய முயன்றதாகக் குற்றச்சாட்டு. வோங் ஒப்புக்கொண்டார். ஆறு மாதச் சிறை, 190,000 ரிங்கிட் அபராதம்.

190,000ஐ 95ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு பாம்புக்கு 2,000 வெள்ளி. ஒரு விலைப்பட்டியல் மாதிரி இருக்கிறது.

சட்டம் அனுமதித்தது எவ்வளவு? ஒரு விலங்குக்கு அதிகபட்சம் 100,000 ரிங்கிட். ஆனால் எத்தனை விலங்கு இருந்தாலும் மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அல்லது ஏழு ஆண்டு வரை சிறை. அல்லது இரண்டும். இந்த உச்சவரம்பை இன்னொரு தடவை படியுங்கள். பத்தாவது பாம்போடு அபராதக் கணக்கு முடிந்துவிடுகிறது. மிச்சம் 85 பாம்பும் சட்டத்தின் கண்ணில் இனாம். பத்தைக் கடத்துகிறவனுக்கும் ஆயிரத்தைக் கடத்துகிறவனுக்கும் ஒரே உச்சம் என்றால், பையைப் பெரிதாக வாங்கு என்று சட்டமே யோசனை சொல்கிற மாதிரி. இந்தத் தவறு எழுதியவர்களுக்குத் தெரியாமல் நடந்திருக்காது. எந்த அபராதத்துக்கும் மேல்வரம்பு வைப்பது வழக்கம். ஆனால் எண்ணிக்கைதான் லாபம் என்றிருக்கும் வியாபாரத்தில் அந்த வழக்கம் யாருக்கு உதவுகிறது என்பது வெளிப்படை.

ஆறு மாதம் என்றதும் நாட்டுக்குள்ளேயும் வெளியேயும் கண்டனம் எழுந்தது. அவருடைய உரிமங்களைப் பெர்ஹிலித்தான் பறித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. நவம்பர் 4 அன்று ஷா ஆலம் உயர் நீதிமன்றம் சிறையை ஐந்து ஆண்டாக உயர்த்தியது. வனவிலங்கு வழக்கு ஒன்றில் மலேசிய நீதிமன்றம் இப்படிப் பேசியது அன்றைக்குப் பெரிய செய்தி. பெட்டாலிங் ஜெயாவில் அலுவலகம் வைத்து வனவிலங்கு வியாபாரத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு போன்றவர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

அதே நவம்பரில்தான் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் புலிகளுக்கான உச்சிமாநாடு நடந்தது. புலி வாழும் 13 நாடுகள் கூடின, மலேசியாவும் சேர்த்து. 2022க்குள் புலிகளை இரு மடங்காக்குவோம் என்றார்கள். அங்கேதான் சைட்டிஸ் செயலகம், இன்டர்போல், ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம், உலக வங்கி, உலகச் சுங்க அமைப்பு ஐந்தும் ஒரே குடையின் கீழ் வந்தன. போலீசுக்குத் தெரிந்தது சுங்கத்துக்குத் தெரியாது, சுங்கம் பிடித்ததன் பணம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது என்ற பழைய நோய்க்கு அது மருந்து. ஆசியானுக்குள் இதே எண்ணத்தில் 2005லேயே ஒரு வலையமைப்பு தொடங்கியிருந்தார்கள். புலிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: 2016லிருந்து 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி மலேசியக் காடுகளில் மிஞ்சியவை 150க்கும் குறைவு.

வழக்குக்குத் திரும்புவோம். 2012 பிப்ரவரி 22, புத்ராஜெயா மேல்முறையீட்டு நீதிமன்றம். ஐந்து ஆண்டு, 17 மாதம் 15 நாளாகக் குறைந்தது. செப்டம்பர் 6லிருந்து விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அன்று வரை உள்ளே இருந்த காலம் ஏறக்குறைய அதுதான். அன்றைக்கே வெளியே வந்தார்.

ஆறு மாதம், ஐந்து வருடம், பதினேழரை மாதம். ஒரே பை, ஒரே 95 பாம்பு, ஒரே ஒப்புதல். தண்டனைக்கு அளவுகோல் இல்லாத இடத்தில் நீதிபதி மாறினால் எண்ணும் மாறும். போதைப்பொருள் வழக்கென்றால் கிராம் கணக்கில் இங்கே எல்லாருக்கும் அத்துப்படி. விலங்குக்கு அப்படி ஒரு பழக்கம் அன்று உருவாகியிருக்கவில்லை.

கணக்கில் வராத மூன்று

பையில் இருந்தவை 98. குற்றச்சாட்டில் 95. மூன்று எங்கே?

விரியன் இரண்டும் மட்டமாட்டாவும் அன்றைக்குச் சைட்டிஸ் பட்டியல் எதிலும் இல்லை. பட்டியலில் இல்லாத விலங்குக்குப் பெர்மிட் தேவையில்லை. பெர்மிட் தேவையில்லாத விலங்கைப் பெர்மிட் இல்லாமல் கொண்டுபோனது சட்டம் 686இன் கீழ் குற்றம் ஆகாது. கடித்தால் ஆளைக் கொல்லக்கூடிய இரண்டு பாம்புகள், சாதாரணப் பூட்டுப் போட்ட பையில், 100 பேருக்கு மேல் உட்காரும் விமானத்தின் வயிற்றுக்குள் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வரை பறந்திருக்கின்றன. வனவிலங்கு வழக்கின் தாளில் அவை இல்லவே இல்லை.

மட்டமாட்டாவைப் படத்திலாவது பாருங்கள். காய்ந்த இலைக் குவியல் மாதிரி ஓடு, முக்கோணத் தலை, மூக்குக்குப் பதில் ஒரு குழல். ஆற்றடியில் அசையாமல் கிடந்து, மீன் பக்கத்தில் வந்ததும் வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சிவிடும். அழகு என்று சொல்ல முடியாது. இந்த வியாபாரத்தில் அழகுக்கு அல்ல, வேறு யாரிடமும் இல்லை என்பதற்குத்தான் விலை.

நம்ம ஊர்க் குருவிகள்

இதெல்லாம் சீன முதலாளி, அமெரிக்க போலீஸ் கதை, நமக்கென்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சென்னை, திருச்சி விமானத்தில் அடிக்கடி போய்வருகிறவர்களுக்குக் ‘குருவி’ என்றால் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. டிக்கெட்டும் கைச்செலவும் கொடுத்து யாரோ ஒருவருடைய பையைத் தூக்கவைக்கிற ஏற்பாடு. பெரும்பாலும் துணி, மின்சாதனம், தங்கம். சில சமயம் உயிர்.

இந்த வழித்தடத்தில் போக்குவரத்து இரண்டு பக்கமும் உண்டு. அங்கிருந்து இங்கே நட்சத்திர ஆமை. இங்கிருந்து அங்கே சிவப்புக்காது ஆமைக்குஞ்சு, குட்டி உடும்பு, பாம்பு. சென்னை சுங்கத் துறை பிடித்துப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. நட்சத்திர ஆமை தமிழ்நாடு, ஆந்திரம், இலங்கை வறண்ட காட்டுப் பிராணி. ஓட்டில் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடு விரியும். 2019இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் அதை முதல் பட்டியலுக்கு ஏற்றினார்கள், புலிக்குச் சமமாக. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பாட்டி சொல்லி வளர்ந்த கூட்டம், அதே ஆமையைச் சாக்ஸுக்குள் சுற்றி அதிர்ஷ்டம் தேடுபவர்களுக்கு விற்கக் கொண்டுவருகிறது. பிடிபட்டால் அமீனாவும் கூடவே வருவார்.

இந்தப் பக்கத்துச் சரக்கைப் பார்க்க வேண்டுமென்றால் பினாங்கு ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி கோயில் ஆமைக் குளத்துக்குப் போகலாம். கங்கோங் கீரைக் கட்டு வாங்கி உள்ளே போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ளவைதான் சிவப்புக்காது ஆமை. அமெரிக்காவில் பிறந்த இனம், உலகம் முழுக்கச் செல்லப்பிராணியாகப் போய்க் குளத்துக்குக் குளம் பரவியது. குஞ்சாக இருக்கும்போது தீப்பெட்டி அளவு. ஊருக்குப் போகிறவன் பையில் நூறு அடங்கும்.

சில வருடத்துக்கு முன் கே.எல். விமான நிலையத்தில் சென்னை விமானத்துக்கு வரிசையில் நின்றிருந்தேன். பக்கத்தில் முப்பது வயதுக்காரர் ஒருவர்.

“அண்ணே, ஒரு பைதானே வச்சிருக்கீங்க? இந்த பிஸ்கட் டின்னைக் கொஞ்சம் உள்ள வச்சுக்குங்கண்ணே. எனக்கு எடை கூடிப்போச்சு. அங்க இறங்கினதும் வாங்கிக்கறேன்.”

நீலநிற பிஸ்கட் டின். சுற்றிலும் டேப். மூடியில், எழுத்துகளுக்கு நடுவில், ஆணியால் குத்தின மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். எடை கூடிவிட்டது என்கிறவர் கையில் அந்த டின் இலேசாகத்தான் இருந்தது. முடியாது தம்பி என்றேன். சரிண்ணே என்று எனக்கு முன்னால் நின்ற அக்காவிடம் போனார். அவரும் மறுத்தார். பிறகு கூட்டத்தில் மறைந்துவிட்டார். பிஸ்கட்டுக்கு எதற்குக் காற்று என்பது விமானம் மேலே ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வரிசையிலேயே உறைத்திருந்தால் கவுண்டரில் சொல்லியிருப்பேனா? விமானத்தைத் தவறவிடும் பயத்தில் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு வந்தவை

2010க்குப் பிறகு பூட்டை நம்பாமல் வேலை நடந்திருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். 2017 மே மாதம் கே.எல்.ஐ.ஏ. கார்கோவில் மடகாஸ்கரிலிருந்து வந்த பெட்டிகள். காகிதத்தில் ‘கல்’ என்று போட்டிருந்தது. திறந்தால் 330 ஆமைகள். அதில் ஐந்து அங்கோனோக்கா. மடகாஸ்கரில் ஒரே ஒரு விரிகுடாப் பகுதியில் மட்டும் வாழ்கிற ஆமை அது. கழுத்துக்குக் கீழ் ஓடு ஏர்க்கொழு போல நீண்டிருக்கும். 1996இல் அங்கே ஓர் இனப்பெருக்க நிலையத்துக்குள் புகுந்து 73 குஞ்சையும் இரண்டு தாயையும் திருடிக்கொண்டு போனார்கள். இன்று அவற்றைக் காப்பவர்கள் ஓட்டின் மேல் எண்ணைச் செதுக்கி வைக்கிறார்கள். விற்கிறவனுக்கு விலை கெட வேண்டும் என்பதற்காக, காப்பாற்றுகிறவன் அழகைக் கெடுக்கிறான்.

2018 ஆகஸ்டில் அதே விமான நிலையத்தில் ஹனோய் போகவிருந்த 50 காண்டாமிருகக் கொம்பு, 116 கிலோ. 2022 ஜூலையில் கிள்ளான் துறைமுகத்தில் ஆப்பிரிக்க மரப்பலகைக்குப் பின்னால் ஆறு டன் யானைத் தந்தம், அதோடு அலங்கு என்னும் எறும்புண்ணியின் செதில், காண்டாமிருகக் கொம்பு, எலும்புகள். மதிப்பு 8 கோடி ரிங்கிட் என்றது சுங்கத் துறை. பிடித்தது பெரிது. ஆனால் கப்பலிலும் கார்கோவிலும் பிடிபடுவது சரக்குதான். அனுப்பியவன் வேறு நாட்டில், வேறு பெயரில் இருப்பான். வோங் வழக்கு அபூர்வமானது இந்த ஒரு காரணத்துக்காகவும்: பெரிய கையே பையோடு நின்றது.

ஆளைப் பிடிப்பதற்கு இன்னும் பழைய மெக்சிகோ வழிதான். தியோ பூன் சிங் என்ற மலேசியர் 2022 ஜூனில் தாய்லாந்தில் கைதாகி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். காண்டாமிருகக் கொம்பு வியாபாரம். 2023 செப்டம்பரில் நியூயார்க்கில் 18 மாதச் சிறை. புத்ராஜெயாவின் பதினேழரை மாதத்தைக் கேட்டு உச்சுக்கொட்டியவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

உள்நாட்டில், பழைய 1972 சட்டத்தின் இடத்தில் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022 திருத்தத்தில் அதன் உச்சத் தண்டனை 15 ஆண்டு சிறை, 10 லட்சம் ரிங்கிட் அபராதம் வரை போனது. இணையத்தில் விளம்பரம் செய்வதையும் குற்றத்துக்குள் கொண்டுவந்தார்கள். வியாபாரம் பைகளிலிருந்து ஃபேஸ்புக்குக்கு எப்போதோ போய்விட்டது.

2022 நவம்பரில் பனாமாவில் சைட்டிஸ் மாநாடு. மட்டமாட்டாவை இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். அன்று மாலை, தே தாரிக் கடையில் மாமாவிடம் சொன்னேன்.

“அப்போ அந்தப் பேக்கு இன்னிக்கு உடைஞ்சிருந்தா?”

“96 மாமா. ஆமையையும் சேர்த்து.”

“அந்தக் கொம்பு விரியன்?”

“அது லிஸ்ட்ல இல்ல.”

கிளாஸை மேசையில் வைத்தார். “கடிச்சா சாவற சாமான் கணக்குல இல்ல. சரி, அதை எடுத்து வெளிய வச்சவன் கையில கிளவுஸாவது போட்டிருந்தானா, தம்பி?”